உடைக்கக் கூடாத எலும்புகள்

என் ஒன்பதாவது வயதில் ஒரு மனிதரை எழுந்து நடக்க வைத்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்த மனிதர் என் வாப்பா. நடக்க வைத்தது எலும்பு சூப். அதைக் காய்ச்சியது நான்.

எங்கள் வீட்டில் எழுத்தைப் பார்த்து வாசிக்கத் தெரிந்த முதல் ஆளும் நான்தான். வாப்பா தட்டுத்தடுமாறிக் கையெழுத்து வைப்பார். உம்மா பெருவிரல் வைப்பார். அதனால் மருந்துத் துண்டு, நிவாரண அட்டை, அரசாங்கக் கச்சேரியிலிருந்து வரும் கடிதம் எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். நான் வாசித்துச் சொன்னதை யாரும் மறுத்ததில்லை. மறுக்க அவர்களுக்கு வழியில்லை. ஒன்பது வயதில் ஒரு பிள்ளைக்கு இப்படியொரு அதிகாரம் கிடைத்தால் அது தலைக்குத்தான் ஏறும். ஏறியது.

வாப்பா முன்பு கரைவலை இழுத்தவர். கடல் எங்கள் வீட்டையும் வலையையும் ஒரே காலையில் எடுத்துக்கொண்டு போன பிறகு அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மேசன்மாருக்கு உதவியாளாகப் போனார். வீடிழந்தவர்களுக்கு வீடு கட்டும் வேலை வருடக்கணக்காக ஓயாமல் இருந்தது. வயல் பக்கமாக எங்களுக்கும் ஒரு வீடு கிடைத்தது. ஓர் அறை, ஒரு முன்கூடம், பின்னால் தகரம் இறக்கிய குசினி.

யுத்தம் முடிந்த வருடம், ஒரு மாடி வீட்டுச் சாரத்திலிருந்து வாப்பா விழுந்தார். வலது கால் முறிந்தது. ஆசுபத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். காலம் வந்ததும் கட்டை வெட்டினார்கள். உள்ளேயிருந்து மெலிந்து வெளிறிய ஒரு கால் வந்தது. இனி ஊன்றலாம் என்று டாக்டர் சொன்னார். வாப்பா ஊன்றவில்லை. வலி என்று அவர் சொன்னார். பயம் என்று உம்மா சொன்னார். உம்மாவுக்கு அப்போது நிறைமாதம்.

பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து முறிவு வைத்தியர் ஒருவர் சைக்கிளில் வந்தார். வாப்பா கடலுக்குப் போன காலத்துப் பழக்கம். இடையில் சில வருடங்கள் அவர் எங்கள் பக்கம் வரவுமில்லை, வாப்பா அவர் பக்கம் போகவுமில்லை. அது ஏன் என்று அந்தக் காலத்தில் யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். வைத்தியர் காலுக்கு எண்ணெய்ச் சீலை சுற்றிவிட்டுக் கதிரையில் அமர்ந்தார்.

"தம்பி, எண்ணெய் வெளியால செய்யிறதச் செய்யும். உள்ளுக்கு எலும்பு சூப் குடிக்கணும். ஆட்டுக்கால் எலும்பு. முழுசாப் போட்டு அவிச்சா ஒண்டுக்கும் உதவாது. தட்டி உடைச்சுப் போடணும். உள்ள இரிக்கிறது வெளிய வந்தாத்தான் சத்து."

"நீங்க குடிச்சிரிக்கியளா ஐயா?" என்று வாப்பா கேட்டார்.

"நானா? நான் மச்சம் மாமிசம் தொடமாட்டன்."

"அப்ப ருசி எப்பிடித் தெரியும்?"

"உனக்கு ருசி வேணுமா, கால் வேணுமா?"

வாப்பா சிரித்தார். கால் முறிந்த பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். வைத்தியர் சொல்லச் சொல்ல நான் வாசற்படியில் இருந்து கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். 'உடைக்க வேண்டும்' என்பதன் கீழ் இரண்டு கோடும் போட்டேன்.

எலும்பு சூப் எனக்குப் புதிதல்ல. கடல் வந்த வாரம் நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது சம்மாந்துறை ஆட்கள் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் அரிசியும் இறைச்சியும் கிடாரங்களும் கொண்டுவந்து இறக்கினார்கள். இறைச்சி சோற்றுக்குப் போனது. எலும்பெல்லாம் தனியாக ஒரு கிடாரத்தில் காலையிலிருந்து பின்னேர அஸர் தொழுகை வரை கொதித்தது. கோப்பை போதாமல் சிரட்டையில் ஊற்றித் தந்தார்கள். யாரும் வாய் திறந்து கதைக்காத அந்த வாரத்தில், "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்று பெரியவர்கள் கேட்டது அந்தக் கிடாரத்தின் முன்னால்தான்.

இந்த சூப்பை முதலில் காய்ச்சியது யார் என்பதில் எங்கள் குடும்பத்தில் ஒற்றுமை கிடையாது. அரபிகள் ஒட்டக எலும்பில் காய்ச்சியது என்பார் மாமா. சித்தர்கள் என்பார், அதைத் தொட்டும் பாராத வைத்தியர். வாப்பாவின் கதை வேறு. கடைக்காரன் சும்மா தந்த எலும்பை வீசுவதற்கு மனம் வராத ஏதோ ஒரு வீட்டுக்காரி என்பார். பிற்காலத்தில் நான் படித்துப் பார்த்ததில் வாப்பா சொன்னதுதான் உண்மைக்குக் கிட்ட நின்றது. சட்டியும் நெருப்பும் பசியும் இருந்த எல்லா ஊரிலும் யாரோ ஒருத்தி அதைக் காய்ச்சியிருக்கிறாள்.

எலும்புக்குத்தான் வழியில்லாமல் இருந்தது. இறைச்சிக்கடை எலும்பு விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு சாப்பாட்டுக் கடைக்காரர்களிடம் போய்விடும். அந்த நேரத்தில் அங்கே போய் நிற்க எங்கள் வீட்டில் ஆண் ஆள் இல்லை. என்னை அனுப்பவும் மாட்டார்கள். கொப்பியில் இரண்டு கோடு போட்ட மருந்து கொப்பியிலேயே கிடந்தது.

பிறகு தம்பி பிறந்தான். ஏழாம் நாள் தலைமுடி இறக்கி, பெயர் வைத்து, ஆடு அறுத்து உறவுக்கும் அயலுக்கும் பகிர வேண்டும். அதுதான் அகீகா. உம்மாவின் தம்பியான மாமா சம்மாந்துறையில் பெண் எடுத்து வயல் செய்கிறவர். அவர்தான் கிடாய் கொண்டுவந்தார். அறுப்பு, பங்கு, பகிர்வு எல்லாவற்றுக்கும் தலைமை வாப்பாவின் மூத்த சகோதரியான ராத்தா. எனக்கு மாமி. எங்கள் மாமி ஒரு வீட்டுக்குள் வந்தால் அந்த வீட்டுச் சாமான்கூட நேராக நிற்கும்.

அன்று காலை முழுக்க நான் வீடு வீடாக இறைச்சிப் பொதி கொண்டு போய்க்கொண்டிருந்தேன். அதனால் பின்வளவில் நடந்த பேச்சு எதுவும் என் காதில் விழவில்லை. கடைசி வீட்டுக்கும் கொடுத்துவிட்டு வந்தபோது எலும்பெல்லாம் ஓர் உரப்பையில் இருந்தது. கொய்யா மரத்தடியில் மாமா குழி வெட்டி வைத்திருந்தார்.

"இத அப்பிடியே குழிக்குள்ள வெச்சு மண்ண மூடிட்டு வா புள்ள. கவனம்" என்று மாமி சொன்னார். அதற்கு மேல் விளக்கம் இல்லை. மாமாவுக்குச் சோறு போட உள்ளே போய்விட்டார்.

பையைத் திறந்தேன். நான்கு காலின் நீள எலும்புகள், எட்டு. ஒன்றில்கூட வெட்டுக்காயம் இல்லை. மூட்டு மூட்டாகக் கழற்றி, பாடப்புத்தகத்துப் படம்போல முழுசாக இருந்தன. எனக்கு மாமியின் மேல் பெரிய இரக்கம் வந்தது. பாவம், படிக்காதவர். மருந்தைக் கொண்டுபோய் மண்ணில் புதைக்கச் சொல்கிறார். தலையோட்டையும் விலா எலும்புகளையும் குழியில் வைத்து மண் மூடினேன். எட்டையும் குசினிக்குக் கொண்டுபோய், உப்பும் மஞ்சளும் போட்டு ஒரு கொதி விட்டு, விறகுக்குப் பின்னால் மூடிவைத்தேன்.

பள்ளிக்கூட விடுமுறைக் காலம் அது. பிள்ளை பெற்றவர் நாற்பது நாள் குசினிப் பக்கம் வரக் கூடாது, பாரமான எதையும் தூக்கக் கூடாது என்பது மாமியின் சட்டம். பகல் சோறு மாமி கொண்டுவருவார். ஆகவே காலை நேரத்துக் குசினிக்கு நான்தான் ராணி.

அடுத்த நாள் முன்னங்கால் எலும்பு நான்கையும் அம்மியில் வைத்து, குழவியைத் தூக்கி அடித்தேன். முதல் அடியில் எலும்பு வழுக்கி ஓடியது. இரண்டாவது அடியில் பிளந்தது.

"என்ன புள்ள சத்தம்?" அறைக்குள்ளிருந்து உம்மா.

"தேங்காய் உடைக்கன் உம்மா."

நான்காவது எலும்பும் உடைந்த பிறகு, "நாலு தேங்காயா?" என்றார்.

"ஓம் உம்மா. சின்னத் தேங்காய்."

உள்ளே உம்மா தாலாட்டுப் படிக்கத் தொடங்கினார்.

உடைத்த எலும்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றினேன். சுடுதண்ணீரில் போட்டால் ஊறாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். கொதி வந்ததும் சாம்பல் நிறத்தில் மேலே வந்த நுரையை அகப்பையால் வழித்து ஊற்றினேன். அது தெளியும் வரை கையை எடுக்கவில்லை. உம்மாவின் பிள்ளைப்பேற்றுச் சரக்கிலிருந்து மிளகும் மல்லியும் சின்னச்சீரகமும் எடுத்து இடித்தேன். ஏழு பல் உள்ளி, ஒரு துண்டு இஞ்சி, கொஞ்சம் கறுவா, ஒரு ரம்பை இலை. பிறகு விறகை இழுத்துவிட்டு, தேங்காய்ப் பொச்சு மட்டையின் தணலில் மட்டும் விட்டேன். கொதிக்கக் கூடாது, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வர வேண்டும். நடுப்பகல் லுஹர் பாங்குக்குக் கிட்ட மூடியைத் திறந்தபோது தண்ணீர் பொன்னிறமாகி, மேலே எண்ணெய்க் கண்கள் மிதந்தன. இறக்கி, உப்புப் பார்த்து, அரைத் தேசிக்காய் பிழிந்தேன். இன்றைக்கு ஆய்வுகூடத்தில் நிறுத்து அளந்து காய்ச்சினாலும் அந்த நிறம் எனக்கு வருவதில்லை.

வாப்பா ஒரு மிடறு குடித்தார். நிறுத்தி என்னைப் பார்த்தார். மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்தார்.

"எங்கால மகள் எலும்பு?"

"ஆட்டெலும்பு வாப்பா."

"அது தெரியுது. எங்கால?"

"ஆட்டுலதான்."

வாப்பா கோப்பையின் அடியைப் பார்த்தார். கோப்பையை என்னிடம் நீட்டினார்.

அன்று பின்னேரம் மாமி வந்தார். நேரே கொய்யா மரத்தடிக்குப் போய்ப் புது மண்ணைக் காலால் மிதித்துப் பார்த்தார்.

"எல்லாம் முழுசாத்தானே வெச்ச?"

"ஓம் மாமி. ஏன், உடைஞ்சா என்ன?"

"என்ன கா இப்பிடிக் கேக்கிற? அகீகா ஆட்டுர எலும்ப உடைக்கப்படா. அறுக்கக்குள்ளயே ஒண்டும் உடையாம மூட்டு மூட்டாக் கழட்டுறது அதுக்குத்தானே. எலும்பு முழுசாக் கிடந்தாத்தான் புள்ளட கைகாலும் முழுசா நல்லா இரிக்கும்."

முற்றத்துக் கொடியில் தம்பியின் சீலைத் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. நான்கு முன்னங்கால் எலும்புகள். அப்படியென்றால் கைகள். தம்பியின் இரண்டு கையையும் நான் உடைத்துவிட்டேன். அறைக்குள் ஓடிப்போய் அவன் சுற்றியிருந்த சீலையை விலக்கிக் கைகளைப் பார்த்தேன். இரண்டும் முழுசாக, முஷ்டி பிடித்திருந்தன. இப்போதைக்கு.

"என்ன தேடுற?" என்று உம்மா கேட்டார்.

"கடிக்கிற நுளம்பு" என்றேன்.

மறுநாள் எனக்கு இருந்த சிக்கல் இதுதான். வாப்பாவின் கால் இருக்கிறது, தம்பியின் கால் இருக்கிறது. பின்னங்கால் எலும்பு நான்கும் பானைக்குள் இருக்கின்றன. உடைத்தால் ஒருவருக்கு, உடைக்காவிட்டால் மற்றவருக்கு. எந்தப் புத்தகத்திலும் இதற்கு விடை இல்லை. நான் இரண்டு பேரையும் காப்பாற்றப் பார்த்தேன். எலும்பை முழுசாகவே போட்டு, முதல்நாளைவிட நேரம் எடுத்துக் காய்ச்சினேன்.

"இண்டைக்கு என்ன மகள், கால் கழுவின தண்ணி மாதிரி இரிக்கி" என்றார் வாப்பா. பாதியை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அவர் அப்படித் திரும்பிப் படுப்பதுதான் எனக்குப் பெரிய பயம். அந்தச் சுவரைப் பார்த்து அவர் நாட்கணக்காகக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். குசினிக்குள் போய் அம்மியடியில் குந்தி, சத்தம் வராமல் அழுதேன். அதே எலும்பை அதே தண்ணீரில் விட்டு, இன்னும் இரண்டு மட்டையைத் தணலில் சொருகிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு போய் மூடியைத் திறந்தேன். நான்கு எலும்பும் பிளந்து கிடந்தன.

நான் தொடவில்லை. ஆனாலும் நடுவில் சரியாகப் பிளந்து, உள்ளேயிருந்து மூளை என்று நாங்கள் சொல்லும் எலும்பு மச்சை இறங்கி, சூப் பால் கலந்ததுபோல் வெளுத்துத் தடித்திருந்தது. அம்மி ஈரமாக இருந்தது. விடியப் புறத்தில் தூறல் விழுந்திருக்கும் என்று நினைத்தேன். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. என் நெருப்பு. பொறுமையாக, குறையாமல், கூடாமல் வைத்த என் தணலுக்கு எலும்பே வெடித்துவிட்டது. நான் உடைக்கவில்லை, தானாக உடைந்தது. அல்லாஹ்வுக்குத் தெரியும். தம்பியின் கால் தப்பியது. வாப்பா அன்று இரண்டு கோப்பை குடித்தார்.

இந்த வெற்றியை யாரிடமும் சொல்ல முடியாதது என் வாழ்க்கையின் பெரிய வேதனையாக இருந்தது. மாமியிடம் சொன்னால் தோல் உரியும். கடைசியில், எண்ணெய்ச் சீலை மாற்ற வந்த வைத்தியரைப் பின்னாலேயே போய்ச் சைக்கிளடியில் பிடித்தேன்.

"ஐயா, ஆட்டுப் பின்னங்கால் எலும்பு. நான் உடைக்கல்ல. என்ட நெருப்புக்குத் தானா வெடிச்சிட்டு."

"தானாவா?"

"நாலும்."

வைத்தியர் என்னைப் பார்த்தார். பிறகு எங்கள் வீட்டு அறை யன்னலைப் பார்த்தார். உள்ளே உம்மா தம்பிக்குத் தாலாட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஓம் புள்ள" என்றார். "சில வீட்டு நெருப்பு அப்பிடித்தான்."

துறைசார்ந்த ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நான் நிமிர்ந்து நடந்தேன். உடைந்த துண்டுகளை அன்றே கொய்யா மரத்தடியில் புதைத்தேன். சில கிழமைகளில் வாப்பா சுவரைப் பிடித்து நின்றார். பிறகு கம்பு பிடித்து நடந்தார். ஒரு வெள்ளிக்கிழமை, கம்பும் இல்லாமல் ஜும்ஆவுக்குப் போனார். தெருமுனை வரை நான் பின்னாலேயே போய், பார்ப்பவர்களுக்கெல்லாம் எலும்பு சூப் என்று சொன்னேன்.

ஆனால் முன்னங்கால் எலும்பு நான்கும் நான் உடைத்தவை. அது என்னை விடவில்லை. தம்பி கிலுகிலுப்பையைப் பிடித்தபோது கைகள் தப்பின என்று ஆறுதல்பட்டேன். பிறகு அவன் தவழப் பிந்தினான். ஆட்டுக்கு எல்லாமே கால்தானே என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. குர்ஆன் ஓதப் போகுமிடத்தில் பாடம் தரும் லெப்பையிடம், எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை அகீகா ஆட்டெலும்பைத் தெரியாமல் உடைத்துவிட்டாள் என்று சொல்லிக் கேட்டேன். "அது ஹராம் இல்ல மகள். உடைக்காம விட்டா நல்லம், அவ்வளவுதான். அந்தப் புள்ளயப் பயப்பட வேணாமெண்டு சொல்லு" என்றார். அந்தப் பிள்ளை பயப்பட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

நான் பல்கலைக்கழகம் போனேன். எங்கள் தெருவில் முதல் ஆள். படித்தது உணவு விஞ்ஞானம். என் சூப்பைப் பற்றி அங்கே தெரிந்துகொண்டவை எல்லாம் எனக்குச் சாதகமாக இல்லை. ஊர் நினைப்பதுபோல் எலும்பின் கல்சியம் பெரிதாகத் தண்ணீரில் இறங்குவதில்லை. மூட்டிலும் சவ்விலும் இருக்கும் கொலாஜன் கரைந்து ஜெலட்டீனாகிறது. ஆறினால் சூப் கட்டியாவது அதனால்தான். கொஞ்சம் புரதம், மச்சையின் கொழுப்பு, உப்பு, சூடு. சாப்பாடு இறங்காத மனிதருக்கு அது நல்ல உணவு. முறிந்த எலும்பை ஒட்டவைத்தது மாவுக்கட்டும் காலமும்தான். இதையெல்லாம் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கினேன். அப்படியும் வாப்பாவை நடக்க வைத்தது நான்தான் என்ற எண்ணத்தை விட்டுக்கொடுக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தவரைத் திருப்பியது எந்தக் கட்டும் இல்லை.

ஒரு நாள் செய்முறை வகுப்பில் ஆட்டுத் தொடையெலும்பை நாள் முழுக்கக் காய்ச்சினோம். முழுசாக வைத்தோம், முழுசாக எடுத்தோம். ஆய்வுகூட அதிகாரி அதை மேசையில் தட்டிக் காட்டினார், கல் மாதிரிச் சத்தம் வந்தது. மறுநாளும் காய்ச்சினோம். தணலில் வைத்த எலும்பு அப்படி நடுவில் பிளப்பதில்லை. அதற்கு ஒரு கல் வேண்டும், அதைத் தூக்க ஒரு கை வேண்டும். பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகாத உம்மா, குழவியைத் தூக்கியிருக்கிறார்.

விடுமுறைக்கு வந்தபோது உம்மாவிடம் கேட்டேன். தம்பியின் பந்து விளையாடும் உடுப்பைத் துவைத்துப் பிழிந்துகொண்டிருந்தார்.

"உம்மா, ஆட்டுத் தொடையெலும்பு அடுப்புல தானா வெடிக்குமா?"

உம்மா தண்ணீரை உதறினார். "நீதானே படிச்ச. நீ சொல்லு."

அகீகா எலும்பை உடைக்கக் கூடாது என்பது மாமிக்குத் தெரிந்த அளவு உம்மாவுக்கும் தெரியும். எந்த ஆடு, யாருடைய கால் என்பதும் தெரியும். தெரியாமல் நான்கை உடைத்த நான் ஒரு வருடம் பயந்தேன். தெரிந்தே நான்கை உடைத்தவர் என்ன செய்தார் என்று நான் கவனித்ததில்லை. கவனித்த ஒரு நாள் மட்டும் நினைவில் இருக்கிறது.

தம்பி நடந்த நாள் அது. முன்கூடத்துச் சுவரை விட்டு, வாப்பாவின் முழங்காலை நோக்கி, நான்கு எட்டு. நான்காவதில் தொப்பென்று இருந்து சிரித்தான். நான் போட்ட சத்தத்துக்கு அடுத்த வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். வாப்பா அவனைத் தூக்கிக் கொஞ்சினார். உம்மாவை மட்டும் காணவில்லை. இவ்வளவு பெரிய காரியம் நடக்கும்போது எங்கே போனார் என்று கோபத்தோடு குசினிக்கு ஓடினேன். அம்மியின் இரண்டு பக்கத்தையும் கையால் பிடித்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு உம்மா குந்தியிருந்தார். தோள் குலுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து அம்மியில் விழுந்தது. உறைப்பான கொச்சிக்காய் அரைத்த கையைக் கண்ணில் வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"கையக் கழுவிட்டு கெதியா வாங்க உம்மா, தம்பி நடக்கான்" என்று சொல்லிவிட்டு, மற்ற எட்டுகளைத் தவறவிட்டுவிடுவேனோ என்று திரும்பி ஓடினேன்.